ஒற்றைக் கொண்டை

ஜெகனை ஊர் முன்னால் தலைகுனிய வைக்கத்தான் அறுபத்தொன்பது வயதில் நான் மரபியல் படிக்கப் போனேன். வேறு நல்ல எண்ணம் எதுவும் கிடையாது. தள்ளாத வயதில் கல்வி ஆர்வம் என்று யாராவது என்னைப் பற்றிச் சொன்னால் நம்ப வேண்டாம்.

எலப்புள்ளியில் கிளிமூக்குச் சேவல் வளர்ப்பவன் நான். சண்டைக்கு அல்ல, கண்காட்சிக்கு. மூக்கு கிளியைப்போல வளைய வேண்டும், வால் தரையைத் தொட வேண்டும், கொண்டை தலையோடு அமுங்கி மூன்று வரிசையாகப் படிந்திருக்க வேண்டும். சாதாரண நாட்டுக்கோழிக்கு இருப்பதுபோல் ரம்பமாக ஒற்றைக் கொண்டை நிமிர்ந்து நின்றால் அது கலப்பு. கலப்பு வைத்திருப்பவனைக் கண்காட்சிப் பந்தலுக்குள் விடுவார்கள். பேச மாட்டார்கள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் வடகரப்பதி ஜெகன் என் வீட்டுக்கு வந்தான். அவனிடம் ராணி என்று ஒரு பெட்டைக்கோழி இருந்தது. அதற்கு என் சேவலை ஒரு மாதம் விடச் சொல்லிக் கேட்டான். எங்களுக்குள் அது வழக்கம்தான். பொரிக்கிற குஞ்சில் ஒரு ஜோடி சேவல்காரனுக்கு. நானும் விட்டேன். ஒன்பது குஞ்சு பொரித்தது. அதில் மூன்றுக்கு ஒற்றைக் கொண்டை.

ஜெகன் என்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மூன்றையும் கூடையில் போட்டுக் கண்காட்சிக்குக் கொண்டுவந்து மைக்கைப் பிடித்தான்.

"எல்லாரும் பாத்துக்கங்க. செங்கோட்டையண்ணன் சேவல் எனக்குக் குடுத்த சீருங்க இது. கொண்டையப் பாருங்க, ரம்பமாட்ட! ஒம்பதையுமே நான் உசுரோட வெக்கப்போறதில்லீங்க. இனி அவிய பட்டிக்குப் போறவிய யோசிச்சுப் போங்க."

பந்தலே சிரித்தது. சேவல்காரர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. கொண்டை சேவல் வழி, பெட்டை வெறும் அடைகாக்கிற சூடு. பெட்டையை எவனும் சந்தேகப்பட மாட்டான். அன்றைக்கு நானும் சந்தேகப்படவில்லை. வீட்டுக்கு வந்து அந்தச் சேவலை என் கையாலேயே அறுத்தேன். என் மனைவி முத்தாத்தாள் குழம்பு வைத்தாள். நான் தொடவில்லை.

அதன் பிறகு சேவல் கேட்டு என் கோழிப்பட்டிக்கு ஒருவரும் வரவில்லை. ஜெகன் கண்காட்சிக் கமிட்டித் தலைவரானான். ராணியின் வாரிசுகள் பொள்ளாச்சி வரைக்கும் போயின.

போன வருடம் மிருக ஆஸ்பத்திரிச் சுவரில் மலையாளத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எனக்கு மலையாளம் பேச வரும், எழுத்து தெரியாது. அங்கிருந்தவரிடம் படிக்கச் சொன்னேன். பாலக்காட்டு டவுனில் ஒரு கல்லூரியில் பல்கலைக்கழகம் நடத்தும் தொடக்க வகுப்பு. அப்பன் ஆத்தாளிடமிருந்து பிள்ளைக்கு என்ன வருகிறது என்கிற படிப்பு. பன்னிரண்டு ஞாயிறு. பரீட்சை எழுதாமல் சும்மா உட்கார்ந்து கேட்பதற்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம். ஒன்றும் கேட்காமல் ஒருத்தன் உள்ளே விடுகிறான் என்றால் அதில் ஏதோ இருக்கும் என்று ஒரு வாரம் யோசித்தேன். பிறகு போனேன்.

டீச்சர் பெயர் சோனா. மலையாளமும் தமிழும் கலந்து பேசும். முதல் மூன்று ஞாயிறும் பட்டாணி, பட்டாணி, பட்டாணி. நெட்டைப் பட்டாணி, குட்டைப் பட்டாணி. யாரோ வெளிநாட்டுச் சாமியார் தோட்டத்தில் எண்ணிப் பார்த்தாராம். எண்ணியது சரிதான் என்று பக்கத்தில் நின்று பார்த்தவன் யார்? பட்டாணிக்கு மூக்கு உண்டா, வால் உண்டா? எழுந்து வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

நான்காம் ஞாயிறு திரையில் நான்கு கோழித் தலைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொண்டை. மூன்று வரிசைக் கொண்டையும் இருந்தது, ஒற்றைக் கொண்டையும் இருந்தது. என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

"டீச்சர், இந்த ஒத்தக் கொண்டை சேவல் வழி வர்றதுதானுங்களே?"

"அல்ல அங்கிள். அப்பா ஒண்ணு தரணும், அம்மா ஒண்ணு தரணும். ரெண்டும் சேர்ந்தா மட்டும்தான் குஞ்சில ஒத்தக் கொண்டை வெளியே வரும். ஒராள் மட்டும் தந்தா உள்ளே ஒளிஞ்சிருக்கும், பார்த்தா அறியாது."

"பொட்டைக்கும் பங்கு உண்டுங்களா?"

"பின்னே? கறக்ட் பாதி."

எனக்குப் பக்கத்தில் ஆனந்தி என்று ஒரு பெண் உட்காரும். கஞ்சிக்கோட்டில் ஃபேக்டரி வேலை, விட்டுப்போன டிகிரியை முடிக்க வந்தது. அது கேட்டது: "ஏனுங் அப்புச்சி, இத்தன நாளும் முட்டையும் சேவலே போடுதுன்னு நெனச்சுட்டீங்களா?"

வகுப்பு மொத்தமும் சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை. ராணி! கலப்பு ராணியிடம்தான் இருந்திருக்கிறது. பஸ் ஏறும்வரைக்கும் எனக்குத் தரையில் கால் படவில்லை.

பாதி வழியில்தான் உறைத்தது. அப்பா ஒன்று தர வேண்டும். என் சேவலும் தந்திருக்கிறது. ஜெகன் அன்று சொன்னது பொய் இல்லை. பாதி உண்மை. என் பட்டியிலும் கலப்பு இருந்தது.

இரண்டு ஞாயிறு வகுப்புக்குப் போகவில்லை.

முத்தாத்தாள் கேட்டாள். "ஏனுங்க, படிப்பு கசந்து போச்சா?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அப்ப அவனும் கள்ளன், நீங்களும் கள்ளன். கணக்கு நேராப் போச்சு. உடுங்க."

"நேராகலீடி. ரெண்டு பேரு மேல இருந்தத மொத்தமா என்ற தலையில வெச்சுட்டுப் போனான். தெரியாம வெச்சான்னே இருக்கட்டும். அதுல ஏறி நின்னுதான தலைவரானான்?"

அடுத்த ஞாயிறு போனேன். உள்ளே ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்று கேட்டேன். டீச்சர் சொல்லிக் கொடுத்தார். சந்தேகப்படுகிற கோழியை ஒற்றைக் கொண்டைக்காரனோடு சேர்க்க வேண்டும். கோழி சுத்தமாக இருந்தால் ஒரு குஞ்சுக்கும் ஒற்றைக் கொண்டை வராது. உள்ளே ஒளிந்திருந்தால் பாதிக்குப் பாதி வரும்.

ஜெகன் எனக்குக் கோழி தர மாட்டான். ஆனந்தியை அனுப்பி அவள் பெயரில், ராணி வழி என்று அவன் வாயாலேயே சொல்லவைத்து, ஒரு பெட்டை வாங்கினேன். மொபைலில் அவன் பேச்சையும் பிடித்துக்கொண்டு வந்தது அந்தப் பெண். சந்தையில் ஒற்றைக் கொண்டையுள்ள ஒரு நாட்டுச் சேவலைப் பிடித்து இரண்டையும் தனிக் கூண்டில் விட்டேன். வேறு சேவல் மூச்சுக்காற்றுகூடப் படாமல் பார்த்துக்கொண்டேன். பதினொரு முட்டையில் ஒன்பது பொரித்தது. குஞ்சுகளின் தலையைத் தினமும் தடவித் தடவிப் பார்த்தேன். நான்குக்கு ரம்பம் முளைத்தது.

ஆனந்தி ஃபேக்டரியில் இந்தக் கதையைச் சொல்ல, அது எப்படியோ வடகரப்பதிக்குப் போய்விட்டது. கண்காட்சிக்கு முந்தின நாள் காலையில் ஜெகன் என் வாசலில் நின்றான். பதினோரு வருடம் கழித்து.

"நல்லா இருக்கறீங்களாண்ணா?"

"நீ கெடுத்ததுக்கு நல்லாத்தான் இருக்கறேன்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணா, பழசு எதுக்குங்க. நாளைக்கு மைக்குல நானே சொல்லீர்றேன். செங்கோட்டையண்ணன் சேவல் சுத்தம், அன்னைக்கு என்ற ஊட்டுல குஞ்சு மாறிப்போச்சு, தப்பு என்றதுன்னு. உங்குளுக்குப் பொன்னாடை போடறேன். அந்த நாலு குஞ்ச மட்டும் வெளிய எடுக்காதீங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனான்.

"வாங்கிக்கங்க," என்றாள் முத்தாத்தாள். "இதுக்குத்தான பதினோரு வருசமா பல்லக் கடிச்சுட்டு இருந்தீங்க? உங்க பேரு உங்களுக்கு வருதில்ல?"

அவள் சொன்னதிலும் தப்பில்லை. அன்று பகல் முழுக்க அதையே நினைத்தேன். பேர் வேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. ஆனால் அதை அவன் கையால் வாங்க வேண்டும். அவன் தலைவராகவே இருப்பான், நான் அவன் போட்ட துணியோடு கீழே இறங்கி வர வேண்டும்.

மறுநாள் பந்தல் நிறைந்திருந்தது. ஜெகன் மைக்கில் என்னைக் கூப்பிட்டான். குரல் தழுதழுத்தது, நல்ல நடிகன்.

"நம்ம செங்கோட்டையண்ணன் பட்டி சுத்தமான பட்டிங்க. அன்னைக்கு நாஞ் சொன்னது..."

நான் மைக்கைப் பிடுங்கினேன்.

"பொய்யி. என்ற சேவல் கலப்புத்தான்."

ஜெகன் பொன்னாடையைக் கையில் பிடித்தபடி நின்றான். நான் கூடையைத் திறந்து நான்கு குஞ்சையும் மேசை மேல் விட்டேன். அப்பன் ஒன்று, ஆத்தாள் ஒன்று என்று டீச்சர் சொன்னதை எனக்குத் தெரிந்த பேச்சில் சொன்னேன். குஞ்சுகளின் ஆத்தாள் யார் என்று ஜெகன் பேசியதை மொபைலில் போட்டுக் காட்டினேன்.

"என்ற சேவலுக்குப் பொறந்த ஒம்பதையும் அன்னைக்கே கொன்னுட்டதா இவந்தான் சொன்னான். அப்ப இந்தக் கோழிக்குள்ள கலப்பு எங்கிருந்து வந்துச்சு? நான் ஒரு சேவலு வெச்சிருந்தேன், அது போச்சு. இவன் ராணி ராணின்னு ஊரு பூராவும் வித்திருக்கறான். வாங்குனவிய ஊட்டுக்குப் போயி ஒத்தக் கொண்டையோட சேத்துப் பாருங்க."

பின்வரிசையில் பொள்ளாச்சிக்காரர் ஒருவர் எழுந்தார். "ஏப்பா ஜெகா, என்ற ஊட்டுல ரெண்டு குஞ்சு அப்படிப் பொறந்தப்ப, சேவலத் தலைமுழுகுங்கன்னு நீதான சொன்ன?"

"எனக்குமு அப்படித்தான் சொன்னான்!"

நாற்காலிகள் நகர்ந்தன. ஜெகனைச் சுற்றி ஆள் கூடியது. கமிட்டிச் செயலாளர் வந்து அவன் சட்டையில் குத்தியிருந்த தலைவர் பேட்ஜைக் கழற்றச் சொன்னார். ஊசி சட்டையில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. அவன் அதோடு போராடுவதை நான் மேடை ஓரத்தில் நின்று கடைசிவரைக்கும் பார்த்தேன்.

வெளியே வந்தபோது முத்தாத்தாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"இப்ப ரெண்டு பேருக்குமே பேரு போச்சு. சந்தோசமா?"

"என்றது பதினோரு வருசத்துக்கு முன்னாலயே போச்சு. அவனுக்கு இன்னைக்குத்தான் போச்சு."