அதிவீரனும் சிடிலு சாரதாவும்

தொடர்ந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் மோகனப்ரியா ஓசூரில் பஸ் ஏறிக் காவேரிப்பட்டினத்தில் இறங்கினாள். பையில் நாற்பத்தெட்டுப் பக்கப் படக்கதை இருந்தது. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பிரேக் பாகங்களைப் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. ஷிப்ட் முடிந்த நேரங்களில் இரண்டு வருடமாக வரைந்த கதை அது.

துப்பறியும் அதிவீரன், எண்பதுகளில் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களின் நாயகன். அதே காலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னடத் துப்பறியும் நாவல்களில் கொடிகட்டிப் பறந்தவள் சிடிலு சாரதா. சிடிலு என்றால் இடி. ஒரு கதையிலும் இருவரும் சந்தித்ததில்லை. மோகனப்ரியா சந்திக்க வைத்திருந்தாள். தென்பெண்ணையில் விஷம் கலக்கும் கும்பலை அவன் ஓசூர்ப் பக்கமிருந்தும் அவள் எல்லை தாண்டிய அத்திபெலேப் பக்கமிருந்தும் துரத்தி வருகிறார்கள்.

சாரதாவைப் படைத்தவரின் மகன் ஹரீஷ்குமார் அத்திபெலேயில் அச்சகம் வைத்திருந்தார். கேட்டதும் சம்மதித்தார், இரண்டு மொழியிலும் தானே அச்சிடுவதாகவும் சொன்னார். அதிவீரனை எழுதிய ராஜப்பன் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவர் மகள் சரசம்மா, மாங்கூழ் ஆலையில் சூப்பர்வைசர், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு முறையும் மறுத்துவிட்டார். காரணம் சொல்லவில்லை.

"மறுபடியும் வந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே சரசம்மா கதவைத் திறந்தார். "கதை நல்லாத்தான் இருக்குது. ஆனா கையெழுத்து போட மாட்டன்."

"ஏன்னு சொல்லிட்டீங்கன்னா வர மாட்டன்ங்க."

சரசம்மா நாற்காலியைக் காட்டினார். மோகனப்ரியா உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள்.

"முதல்ல வந்த புஸ்தகங்கள்ல அதிவீரன் பேசறதுக்கு முன்னாடியே சுட்டுருவாருங்க. அப்பறம் ஒரு கதையில துப்பாக்கிய கிணத்துல போட்டுட்டாரு. அதுக்கப்பறம் எல்லாம் எதிராளி பேசறத கேட்டுக் கேட்டே ஜெயிக்கறாரு. நான் வரைஞ்சது அந்த ஆளைத்தான்."

சரசம்மா ஒப்பந்தக் காகிதத்தை எடுத்து ஒரு வரியில் விரல் வைத்தார்.

"அதிவீரன் கதைகளை எழுதியவர் ராஜப்பன்னு இங்க போட்டிருக்குது. அப்பாவுக்கு வாதம் வந்து கை விழுந்துருச்சு. அந்த மாசக் கதைய நான் எழுதிக் குடுத்தன். அப்ப எனக்கு இருவது வயசு. துப்பாக்கிய கிணத்துல போட்டது நான்தான். அதுக்கு மேல வந்த பதினாலு கதையும் நான் எழுதினது. எம்பேரு போட்டா விக்காதுன்னு பதிப்பாளரு சொல்லிட்டாரு. அப்பாவும் ஒண்ணும் சொல்லல. இப்ப இதுல கையெழுத்து போட்டா, நானே என்னை இல்லைன்னு சொன்ன மாதிரி."

மோகனப்ரியா பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். மேலே 'ராஜப்பன், சரசம்மா' என்று எழுதினாள்.

"அந்தக் கன்னடக்காரரு ஒத்துக்குவாரா?"

"ஒத்துக்க வைக்கறன்ங்க."

சரசம்மா உள்ளே போய்த் தான் கதை எழுதிய பழைய நோட்டுகள் நான்கைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அத்திபெலே அச்சகத்தில் ஹரீஷ்குமார் ஒத்துக்கொள்ளவில்லை. "ராஜப்பன் பேருக்குத்தான் ஜனங்க வாங்குவாங்க மேடம். சரசம்மா யாருன்னு கேப்பாங்க. உள்ளே ஒரு மூலையில நன்றின்னு போட்டுக்கலாம்."

"அட்டையில வேணும் சார். இல்லன்னா வேற அச்சகம் பாத்துக்கறன். ரெண்டு வருசம் வரைஞ்சவ, இன்னும் ஒரு வருசம் அலைய மாட்டனா?"

"அவங்க சொல்றத எப்படி நம்பறது?"

மோகனப்ரியா நோட்டுகளை மேசைமேல் வைத்தாள். அவர் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் அடித்தல் திருத்தல். ஒரு கதையின் முடிவு மூன்று விதமாக எழுதப்பட்டு, இரண்டு அடிக்கப்பட்டிருந்தன. ஹரீஷ்குமார் மூன்று முடிவையும் படித்தார்.

"அப்பா சொல்லச் சொல்ல எழுதினவங்க இப்படி அடிச்சிருக்க மாட்டாங்க," என்றார். "எங்கப்பா நோட்டும் இப்படித்தான் இருக்கும். சரி, அட்டைய மாத்தி வரைஞ்சு குடுங்க."

ஓசூரில் ஒரு சின்ன மண்டபத்தில் புத்தகம் வெளியானது. சரசம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மோகனப்ரியா போய்க் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துவந்தாள். அட்டையிலிருந்த புதுப் பெயர் இவருடையதா என்று கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நரைத்த தலைக்காரர் ஒருவர் எழுந்தார்.

"பதினெட்டாவது நாவல்ல அதிவீரன் கொலைகாரன தப்ப விட்டுட்டான். ராஜப்பன் அப்படி எழுதவே மாட்டாரு. இத்தனை வருசமா எனக்கு அது புரியல."

சரசம்மா மைக்கை வாங்கினார்.

"அத எழுதினது நான். அவன புடிச்சுக் குடுத்தா, ஒண்ணும் தெரியாத அவன் பொண்டாட்டியும் கூட ஜெயிலுக்குப் போவா. அதான் விட்டன். உக்காருங்க, முழுசா சொல்றன்."