சைவ எண்ணெயில் ஓடிய வான்

நாரந்தனை ஜெகதீஸின் வான் ஒரு சந்திக்கு வருமுன்பே அங்கே படுத்திருக்கும் நாய்கள் எழுந்து நின்றுவிடும். மரியாதைக்கு அல்ல. வானின் புகைக்குழாயிலிருந்து பொரித்த மீனின் மணம் வரும்.

டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற அந்த வருடத்தில்தான் அவன் இந்த வித்தையைப் பிடித்தான். சாட்டிக் கடற்கரையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் எமிலியானுஸ், மீன் பொரித்து மிஞ்சிய சோயா எண்ணெயை வாளி வாளியாகப் பற்றைக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். ஜெகதீஸ் அதைக் கேட்டு வாங்கி, ஒரு கிழமை மண்டி இறங்கவிட்டு, பழைய சாரத் துணியால் வடித்து, தன்னுடைய கிழட்டு டொல்பின் வானுக்கு ஊற்றினான். வான் ஓடியது. காலையில் மட்டும் ஒரு போத்தல் டீசலில் இயந்திரத்தைச் சூடாக்கிவிட்டு எண்ணெய்த் தாங்கிக்கு மாற்றவேண்டும், அவ்வளவுதான். டீசல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அவன் மாறவில்லை. தன் கண்டுபிடிப்பைக் கைவிட எந்த விஞ்ஞானிக்கு மனம் வரும்?

சிக்கல் கஜானியின் வீட்டிலிருந்து வந்தது. கஜானி முன்பள்ளி ஆசிரியை. அவளும் ஜெகதீஸும் மூன்று வருடமாக விரும்பியிருந்தார்கள். அவளுடைய தாய் ஜெயந்தா அவனுடைய குடும்பத்தில் குறை காணவில்லை, தொழிலிலும் காணவில்லை. குறை மணத்தில் இருந்தது. ஜெயந்தா வெங்காயத்தையே சந்தேகத்தோடு பார்க்கும் சைவம். மகள் விடாப்பிடியாக நின்றதால் கடைசியில் ஒரு வழி சொன்னார். திருவெம்பாவைக் கடைசி நாள் நயினாதீவு அம்மனின் காலைப் பூசைக்குப் போகவேண்டும். குறிகட்டுவான் துறை வரைக்கும் ஜெகதீஸே ஏற்றிப் போகட்டும். வான் மணக்காமல், முதல் படகுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தால் கலியாணப் பேச்சை எடுக்கலாம். இல்லாவிட்டால் கனடா மாப்பிள்ளை ஒருவரின் சாதகம் அலுமாரிக்குள் இருக்கிறது.

ஒரு நாளைக்கு மட்டும் டீசலை அடித்தால் என்ன என்று கஜானி கேட்டாள். அது ஏமாற்று வேலை, கலியாணத்துக்குப் பிறகும் இதே வான்தானே என்றான் ஜெகதீஸ். கொள்கை உள்ளவனைக் காதலித்த பாவம் அவளுடையது.

அவன் கண்ட வழி இதுதான்: எண்ணெயைச் சைவமாக்குவது. திருவெம்பாவைக் காலத்தில் கோயில் மடைப்பள்ளிகளில் விடிய விடிய வடை சுடுவார்கள். ஜெகதீஸ் வாளியோடு நான்கு கோயில்களுக்கு அலைந்தான். சுத்தமான தேங்காய் எண்ணெய். உளுந்தைத் தவிர வேறெதையும் கண்டறியாத எண்ணெய். தாங்கியைக் கழுவி அதை நிரப்பினான்.

விடியற்காலை பட்டுச்சேலையோடு வந்த ஜெயந்தா, முதலில் வானின் பின்பக்கம் போய் நின்று மூக்கை உறிஞ்சினார். டீசல் மணம். வேலணை தாண்டி எண்ணெய்க்கு மாற்றியதும் வடை மணம். ஜெயந்தா முன் ஆசனத்தில் நிமிர்ந்து இருந்தார். பின்னாலிருந்த கஜானி கண்ணாடியில் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

புங்குடுதீவுப் பாலத்தில் ஏறியதும் வாடைக்காற்று வானின் வயிற்றுக்குக் கீழே புகுந்து அடித்தது. வான் மூன்று தரம் இருமியது. இரண்டு பக்கமும் கடல் இருக்க, நடுவில் நின்றுவிட்டது.

ஜெகதீஸ் இறங்கித் தாங்கியின் மூடியைத் திறந்தான். உள்ளே எண்ணெய் வெள்ளை வெளேரென்று, எருமைத் தயிர்போல இறுகிக் கிடந்தது. பின்னாலேயே வந்த ஜெயந்தாவும் எட்டிப் பார்த்தார்.

"மார்கழியில தலைக்கு வைக்கிற எண்ணெய்ப் போத்திலையே நாங்கள் வெயிலில வைச்சு உருக்கிறனாங்கள். நீர் அதை வானுக்கு ஊத்தினனீரோ?"

தீவில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. கஜானி கடலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. அழுகையல்ல.

காலையில் ஊற்றிய போத்தல் டீசலும் முடிந்திருந்தது. படகுக்கு முக்கால் மணி நேரமே இருந்தது. பேருந்து ஒன்று வந்தது. மிதிபலகையில் தொங்கியவர்கள் கையசைத்துவிட்டுப் போனார்கள். வேறு வழியில்லாமல் ஜெகதீஸ் எமிலியானுஸுக்குத் தொலைபேசினான். கால் மணி நேரத்தில் அவர் சாரத்தை மடித்துக் கட்டியபடி, மோட்டார் சைக்கிளில் பத்து லீற்றர் எண்ணெய்க் கானோடு வந்து இறங்கினார். மூடியைத் திறந்ததும் சாட்டிக் கடற்கரையே எழுந்து வந்ததுபோல் இருந்தது. மீன் மட்டும்தானா என்று ஜெயந்தா கேட்டார். எமிலியானுஸ் உண்மையான மனிதர். இறாலும் கொஞ்சம் பொரித்தது என்றார்.

ஜெகதீஸ் கானைத் தொடவில்லை.

"அன்ரி, இதை ஊத்தினா வான் மணக்கும். ஊத்தாட்டிப் படகு போயிடும். நீங்கள் சொல்லுறபடி செய்யிறன்."

ஜெயந்தா நயினாதீவுப் பக்கம் பார்த்தார். பத்து நாள் விரதம். கானைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"அம்மன் கடலுக்கு நடுவில இருக்கிறா. சுத்தவரச் சனம் வலை வீசுது. மீன் மணம் அவவுக்குப் புதுசோ? ஊத்தும்."

ஊற்றுவதுதான் முடியவில்லை. தாங்கி முழுவதும் இறுகிய எண்ணெய். ஜெகதீஸ் அடைத்துப்போன வடிகட்டியைக் கழற்றி, கைவசம் இருந்த புதியதைப் பூட்டி, றப்பர் குழாயை நேரே கானுக்குள் விட்டான். டொல்பின் வானுக்கு இயந்திரம் முன் ஆசனத்துக்குக் கீழே. ஆகவே கான் முன்னால்தான் இருக்கவேண்டும், சரியாமல் யாராவது பிடிக்கவேண்டும். எமிலியானுஸ் தன் மோட்டார் சைக்கிளைக் காட்டினார். கஜானிக்குப் பின்னாலிருந்து கை எட்டவில்லை. மிச்சம் ஒரே ஆள்தான்.

ஜெயந்தா பட்டுச்சேலையை ஒதுக்கி, கானை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக் கட்டிப்பிடித்தார். வான் உறுமிப் புறப்பட்டது. புங்குடுதீவு வீதியின் ஒவ்வொரு குழிக்கும் ஒரு கை எண்ணெய் அவர் மடியில் தெறித்தது. வாய்க்குள் பாடிக்கொண்டிருந்த தேவாரத்தை அவர் நிறுத்தவில்லை. ஒரு பெரிய குழியில் மட்டும் நிறுத்தி, "றோட்டைப் பாத்து ஓடும், என்ர முகத்தைப் பாக்காதையும்" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

துறைக்குப் போனபோது படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கஜானி ஓடிப்போய்க் கயிற்றுக்காரனோடு வாயடித்து நிறுத்தினாள். தான் வானிலேயே நிற்பதாக ஜெகதீஸ் சொன்னான். வானைப் பூட்டிவிட்டு வரும்படி ஜெயந்தா கையால் காட்டினார்.

படகுக்குள் நெருக்கம். ஜெயந்தாவுக்குப் பக்கத்திலிருந்த ஓர் அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இப்படியான நாளிலும் மீன் காவிக்கொண்டு வருகிறார்களே என்று யாருக்கென்றில்லாமல் சொன்னார்.

"மீன் இல்லை," என்றார் ஜெயந்தா. "எங்கட மருமகன்ர வான் எண்ணெய்."

அந்த அம்மா இரண்டு பேருக்கு அப்பால் நகர்ந்து போனார். வெறுமையான இடத்தை ஜெயந்தா ஜெகதீஸுக்குக் கையால் தட்டிக் காட்டினார்.

"இரும்."