ஏறச் சொன்னதும் இறங்கச் சொன்னதும்

ராஜகீழ்ப்பாக்கத்தில் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. ஜான்சியின் லேப்டாப்பில் பேட்டரி பாதிக்கும் கீழே இறங்கியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. திரையில் ஒரு பாறைச் சுவர் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சுவர் தெற்கே, ரயிலில் ஓர் இரவுத் தொலைவில் இருந்தது. மின்சாரக் கார்களின் பேட்டரிக்கு வேண்டிய கிராஃபைட்டை எடுக்க, ஒரு தனியார் கம்பெனி அங்கே புதிதாகத் திறந்தவெளிச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தது. மேல்மண்ணை அள்ளிக் கொட்டி, பாறையைப் படிக்கட்டு போல வெட்டி இறக்கி, இப்போதுதான் கறுப்புக் கல் தலைகாட்டியிருந்தது. குழியின் சுவர்கள் எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டவள் ஜான்சி. மேடவாக்கத்தில் ஒரு சின்ன கன்சல்டன்சியில் அவளுக்கு அதுதான் வேலை. குழிக்கு எதிரே நிறுத்தியிருந்த ரேடார், சுவர் மயிரிழை நகர்ந்தாலும் படமாக்கி அவளுக்கு அனுப்பும். மஞ்சள் என்றால் அசைகிறது என்று அர்த்தம். சிவந்துவிட்டால் கீழே ஆள் நிற்கக்கூடாது.

காய்ந்திருக்கும்வரை கிராஃபைட் பாறை சாது. உள்ளே தண்ணீர் இறங்கினால் நனைந்த சோப்பு மாதிரி வழுக்கும், மேலே இருப்பதைத் தாங்காது. சென்னையில் போலவே அங்கேயும் விடாத மழை.

புராஜெக்ட் ஹெட் மோகன்ராஜுக்கு போன் போட்டாள். வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்குத்தான்.

"போன வாரமும் இதேதான் சொன்னீங்க, ஜான்சி. நிறுத்தினோம். சுவர் அப்படியேதான் நின்னுச்சு. நாளைக்கு முதல் லோடு வெளிய போகணும். டைரக்டர்ஸ் எல்லாம் வராங்க."

"சார், போன வாரம் நகர்ந்து நின்னுடுச்சு. இது நிக்கல. வேகம் கூடிட்டே இருக்கு."

"ஆபீஸ் போய் பெரிய ஸ்கிரீன்ல ஒழுங்கா பாருங்க. அப்புறம் பேசலாம்."

அவள் லேப்டாப்பை மூடாமலேயே மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஆட்டோ வராது. அவள் அப்பா ஏசுபாதம் தண்ணி லாரியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தார். ஊர் தண்ணீரில் மிதந்தால் அடுக்குமாடி வீடுகளின் தொட்டிகளில் சாக்கடை கலந்துவிடும், குடிக்க லாரித் தண்ணீர்தான். மழை நாளில்தான் அவருக்கு ஓய்வில்லை.

"இன்னா பாப்பா, மொகமே சரியில்ல?"

"மேடவாக்கம் போகணும்பா. உடனே."

"ஏறு."

லாரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வேளச்சேரி சாலையில் திரும்பியது. தன் போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுத்துவிட்டு, பேசுவதற்கு அப்பாவின் போனை வாங்கி வைத்துக்கொண்டாள். செம்பாக்கத்தை நெருங்கும்போது கிழக்குச் சுவரின் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உள்ளங்கை அளவானது.

மோகன்ராஜ் போனை எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். பிஸி.

குழியின் அடியில் நிற்பவர்களுக்கு அவள் உத்தரவு போட முடியாது. போன வாரத்து ஏச்சு இன்னும் காதில் இருந்தது. இந்த முறையும் சுவர் நின்றுவிட்டால் வேலை போய்விடும். உதட்டைக் கடித்துக்கொண்டு, குழியின் பொறுப்பாளர் கதிரேசனை நேராகக் கூப்பிட்டாள்.

"கதிரேசன் அண்ணே, சென்னையிலேர்ந்து ஜான்சி பேசறேன். எல்லாரையும் மேல ஏத்துங்க. இப்பவே."

"மோகன்ராஜ் சார் சொன்னாரா மேடம்?"

"நான் சொல்றேன். கிழக்குச் சுவர் வருது."

அவர் வாக்கிடாக்கியில் கத்துவது கேட்டது. "வண்டியெல்லாம் கெளப்புங்கப்பா! எல்லாரும் மேல!"

அவள் மூச்சு விட்டாள். குழியிலிருந்து வெளியே வர ஒரே பாதை, தெற்குச் சுவரை ஒட்டி வளைந்து ஏறும் சரிவு. எல்லாரும் அதில் வந்துவிடுவார்கள்.

செம்பாக்கம் ஏரி நிரம்பிச் சாலையில் வழிந்துகொண்டிருந்தது. ஏசுபாதம் முதல் கியரில் ஊர்ந்தார். அங்கேதான் நெட் போனது. திரையில் படம் உறைந்தது. அவள் தன் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். மழை முழங்கைவரை நனைத்தது.

படம் திரும்ப வந்தது. சிவப்பு கிழக்குச் சுவரோடு நிற்கவில்லை. மூலையைச் சுற்றித் தெற்கே பரவி, சரிவுப் பாதையின் வளைவுக்கு நேர் அடியில் வந்திருந்தது. அவள் போகச் சொன்ன பாதை அது. அப்பாவின் போனில் திரும்ப அடித்தாள்.

"கதிரேசன் அண்ணே! எங்க இருக்கீங்க?"

"ஏறிக்கிட்டு இருக்கோம் மேடம். முன்னால ரெண்டு டிப்பர், பின்னால ஜீப்ல நாங்க. வளைவு வந்துடுச்சு."

"நிறுத்துங்க! யாரும் வளைவுக்குப் போகாதீங்க. வண்டிய விட்டுட்டு எல்லாரும் கீழ எறங்குங்க. மேற்குப் பக்கம் ஓடுங்க. அந்தச் சுவர் நல்லா இருக்கு."

"இப்பத்தான மேடம் ஏறச் சொன்னீக!" அவர் குரல் உடைந்தது. "திரும்பக் குழிக்குள்ளயா?"

"ஆமா. நான் சொன்னது தப்பாப் போச்சு. பாதை போகப்போகுது. ஓடுங்கண்ணே, கெஞ்சிக் கேக்கறேன்."

ஏசுபாதம் லாரியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். மகளுக்கு நன்றாகக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

போனில் கதிரேசன் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். யாரோ ஒருவன் வண்டியை விட மாட்டேன் என்றான். அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். காலடிகள், சேற்றில் விழும் சத்தம், மூச்சிரைப்பு. அதன்பின் ஓர் ஓசை வந்தது. இடி போல இல்லை. மூட்டை மூட்டையாகச் சரளைக் கல்லைக் கவிழ்ப்பது போல நீண்டுகொண்டே போனது. நடுவில் போன் செத்தது.

அவள் மறுபடி அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி. மறுபடி. லேப்டாப்பும் அணைந்துவிட்டது.

"ஏசப்பா," என்றார் ஏசுபாதம் மெதுவாக. "எத்தினி பேர் பாப்பா?"

"பதினோரு பேர். நான்தான்பா ஏறச் சொன்னேன்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் நனைந்த கையைத் துடைத்தார்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தார்களோ. கடைசியில் அவள் போனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"மேடம், கதிரேசன். என் போன் எங்கயோ விழுந்துடுச்சு. எல்லாரும் மேற்குப் படியில நிக்கிறோம். ஒருத்தனுக்குக் கால் முறிஞ்சிருக்கு, மத்தவங்களுக்குச் சிராய்ப்புதான். பாதையைக் காணோம் மேடம். ரெண்டு டிப்பரையும் காணோம்."

அவள் அப்பாவைப் பார்த்து, எல்லாரும் பத்திரம் என்று தலையசைத்தாள். அவர் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

குழியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. தீயணைப்பு வண்டி வந்து, கயிறு இறக்கி, படிக்குப் படி அவர்களை மேலே எடுக்க மாலை ஆகிவிட்டது. கடைசி ஆள் மேலே வரும்வரை ஜான்சி மேடவாக்கம் ஆபீஸின் பெரிய திரை முன்னால் உட்கார்ந்து, மேற்குச் சுவர் பச்சையாகவே இருக்கிறதா என்று பார்த்துக் கதிரேசனுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மோகன்ராஜ் கூப்பிட்டார். அவர் குரலில் காலையிலிருந்த அதட்டல் இல்லை.

"கம்பெனில கேப்பாங்க ஜான்சி. முதல்ல அந்தப் பாதையில ஏறச் சொன்னது யாருன்னு."

"நான்தான் சார். ரெண்டும் நான்தான் சொன்னேன். அப்படியே எழுதிக்கோங்க. காலையில நான் உங்களுக்கு போன் பண்ணதையும் எழுதுங்க."

அவர் போனை வைத்தார்.

ஏசுபாதம் லோடு இறக்கிவிட்டு வந்து கீழே காத்திருந்தார். ஜான்சி ஏறி உட்கார்ந்தாள். அந்தக் குழிக்கு அவள் ஒரே ஒருமுறைதான் போயிருந்தாள், அதுவும் தோண்ட ஆரம்பிக்கும் முன்பு.

"வூட்டுக்குத் தானே?"

"இல்லப்பா. தாம்பரம் ஸ்டேஷன்ல விட்டுடு. தெற்கால போற ரயில் ஓடுதாம்."

"அங்க போயி இன்னா பண்ணப் போற?"

"கால் முறிஞ்சவரைப் பாக்கணும். அப்புறம் அந்தச் சுவரைக் கிட்டப் போய்ப் பாக்கணும். நான் பாக்காம இனி யாரையும் உள்ள எறக்கக் கூடாது."

அவர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கியரைப் போட்டு, தேங்கிய தண்ணீருக்குள் லாரியைத் தாம்பரம் பக்கம் திருப்பினார்.