மருந்து குடிச்சவர்

இராஜேஸ்வரி மூன்றாவது தடவையும் சோப்புப் போட்டாள். மரணச்சடங்கு மண்டபத்தின் பெண்கள் கழிப்பறையில் வைத்திருந்த சோப்புக்கு வாசனை இருந்ததே தவிர வேலை செய்கிற குணம் இல்லை. வீட்டில் தேசிக்காய்ப் புளி, பிளீச், சட்டி தேய்க்கிற கம்பிச்சுருள் மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். தோல்தான் உரிந்தது. உள்ளங்கை இரண்டும், விரல் நுனிகளும், நகக்கண்களும் கராஜில் வேலை செய்கிறவனின் கை மாதிரிக் கறுத்துக் கிடந்தன. இன்னும் அரை மணித்தியாலத்தில் இந்தக் கையால் தம்பிக்கு வாய்க்கரிசி போடவேண்டும்.

கதவைத் தள்ளிக்கொண்டு நிலாணி உள்ளே வந்தாள். தம்பி தியாகலிங்கத்தின் ஒரே மகள். பதினேழு வயது. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கதவு தானாகச் சாத்தும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, ஒண்டு கேக்கிறன். பொய் சொல்லக்கூடாது."

"என்ன பிள்ளை?"

"அப்பா சூசைட் செய்தவரோ?"

இராஜேஸ்வரி குழாயைப் பூட்டினாள்.

"ஆர் உனக்கு உந்தக் கதை சொன்னது?"

"எவ்ரிபடி. பின் வரிசையிலை இருந்து கதைக்கினம். அப்பா மருந்து குடிச்சுச் செத்தவராம். மருந்தெண்டால் மெடிசின்தானே அன்ரி எண்டு கேட்டன். ஊரிலை மருந்து குடிச்சதெண்டால் பொய்சன் குடிச்சதெண்டு அந்த அன்ரி சொல்லுறா."

இராஜேஸ்வரிக்கு உச்சி கொதித்தது. அவளே சொன்ன சொல்தான் அது. வியாழக்கிழமை காலை தம்பியின் உயிர் போனதும் ஊர்ச் சங்கச் செயலாளர் ஜெயரட்ணத்துக்குத்தான் முதலில் போன் அடித்தாள். பேப்பருக்கும் ரேடியோவுக்கும் அறிவித்தல் குடுக்கிறவர் அவர். "என்ன நடந்தது?" என்று கேட்டார். அழுகையோடு அழுகையாக, "கடைசிவரை நான் குடுத்த மருந்துதானே குடிச்சவன்" என்றாள். ஊரில் ஒருத்தன் மருந்து குடித்தான் என்றால் தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்து என்றுதான் அர்த்தம். கனடாவுக்கு வந்து பத்து வருடமாகியும் மனிதர் அந்த அர்த்தத்தைக் கையோடு கொண்டுதான் திரிந்தார். நகரத்தின் ஒரு கோடியில் மல்வேர்னில் தொடங்கிய கதை கண், காது, மூக்கு வைத்துக்கொண்டு மறு கோடியில் பார்க்டேல் வரை போய், சனிக்கிழமை மத்தியானம் பெட்டிக்குப் பின்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

"கொப்பா ஒண்டும் அப்பிடிச் செய்யேல்லை. அது வால்நட் மருந்து. நான் செய்தது."

"அப்ப ஏன் அம்மா உங்களோடை கதைக்கேல்லை?"

இதற்கு அவளிடம் பதில் இருந்தது. சொல்லப் பிடிக்கவில்லை.

மருந்தைச் சொல்லிக் கொடுத்தவள் பக்டறியில் பக்கத்து மெசினில் நிற்கிற போலந்துக்காரி. தம்பிக்குக் குடலில் கான்சர் என்று அறிந்ததும், பச்சை வால்நட் தோலை வொட்காவில் ஊறவைத்துக் கொடு, எங்கள் ஊரில் வயிற்றுக்கு அதுதான் என்றாள். வால்நட் என்றால் கடையில் பைக்கற்றில் வருகிற பருப்பு என்றே இராஜேஸ்வரி அதுவரை நினைத்திருந்தாள். அது மரத்திலே பச்சைத்தோலோடு பெரிய தேசிக்காய் அளவில் தொங்கும் என்பதும், செப்டெம்பரில் மோர்ணிங்சைட் பூங்காவில் கேட்பாரில்லாமல் விழுந்து கிடக்கும் என்பதும் அவளுக்குப் புதினம். வேலை முடிந்து போய்ப் பொறுக்கினாள். இரண்டு பஸ் மாறி வாளியோடு வீட்டுக்கு வந்தாள். தோலைச் சீவச் சீவ, கத்தி போன வழியெல்லாம் கண் முன்னாலேயே கறுத்தது. சிலவற்றுக்குள் புழு நெளிந்தது. ரப்பர் கையுறை ஒரே நாளில் கிழிந்தது. பிறகு வெறுங்கைதான். ஐம்பத்தாறு வயதில், நெற்றியில் திருநீற்றோடு, லிக்கர் ஸ்ரோர் வரிசையில் நின்று வாழ்க்கையில் முதல் தடவையாக வொட்கா வாங்கினாள். பின்னால் நின்ற தமிழ்ப் பெடியங்கள் சிரித்ததும் அவளுக்குக் கேட்டது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். இரண்டு கிழமை ஊறவிட்டு, வடித்து, துணியில் போட்டுப் பிழிந்து, சனிக்கிழமை தோறும் ஒரு போத்தல் தம்பிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஃப்ரீசரில் போட்டுவைத்த தோலை எடுத்து ஊறவைத்து, போன கிழமைகூடப் பிழிந்தாள்.

செப்டெம்பர் முடிவில் தியாகலிங்கம் கீமோவை நிறுத்திவிட்டான். மூன்று தரம் போனவன் நாலாம் தரம் போகவில்லை. அன்று தொடக்கம் அவன் மனைவி பவளராணி, புருசனின் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இராஜேஸ்வரிக்கும் கோபம்தான். கீமோவை விடு என்று அவள் சொன்னாளா? அதோடு இதையும் குடி என்றுதானே சொன்னாள்! பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று வாயை மூடிக்கொண்டு சனிக்கிழமைகளில் கதவடியில் போத்தலைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

கையைத் துடைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தாள். நேராக ஜெயரட்ணத்திடம் போனாள். அவர் கோட் போட்டுக்கொண்டு, யார் யார் பேசுவது என்று துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஜெயரட்ணம் அண்ணை, என்ரை தம்பி நஞ்சு குடிச்சவனெண்டு ஆர் சொன்னது உங்களுக்கு?"

"சீச்சீ, நான் அப்பிடிச் சொல்லேல்லைத் தங்கச்சி. நீர்தானே போனிலை மருந்தெண்டு சொன்னனீர்."

"மருந்தெண்டால் மருந்து. உங்கட வீட்டிலை தடிமன் காய்ச்சலுக்கு என்னத்தைக் குடிக்கிறனீங்கள், பூச்சிக்கு அடிக்கிற பொலிடோலோ?"

முன்வரிசைகள் திரும்பிப் பார்த்தன. ஜெயரட்ணம் குரலைத் தாழ்த்தினார்.

"கோவியாதையும். என்ன மருந்தெண்டு ஆருக்குத் தெரியும்? டொக்ரர் எழுதித் தராத சாமானைக் குடுத்தால் சனம் நாலும் சொல்லும்தானே."

"சனம் சொல்லேல்லை. நீங்கள் சொன்னனீங்கள். எத்தினை பேருக்கு அடிச்சனீங்கள் போன்?"

அவர் கடதாசியை மடித்துப் பொக்கற்றில் வைத்தார். அதற்குள் குருக்கள், "உரித்துக்காரர் வாய்க்கரிசி போட வாங்கோ, நேரம் போகுது" என்று கூப்பிட்டார். மூன்று மணிக்கு மண்டபத்தை அடுத்த ஆட்களுக்கு விடவேண்டும். மண்டபத்து வெள்ளைக்காரன் ஏற்கெனவே இரண்டு தரம் வாசலில் வந்து நின்றுவிட்டுப் போயிருந்தான்.

பெட்டியின் தலைமாட்டில் பவளராணி அரிசித் தட்டோடு நின்றாள். தியாகலிங்கம் வேட்டி சால்வையோடு, பவுடர் பூசிய முகத்தோடு, யாருக்கோ கல்யாணம் என்பதுபோலப் படுத்திருந்தான். உடம்பு பாதியாகிப் போயிருந்தது. முதலில் நிலாணி போட்டாள். பிறகு பவளராணி. அடுத்து கூடப்பிறந்தவள் என்று குருக்கள் சொல்ல, இராஜேஸ்வரி தட்டுக்குள் கையை வைத்தாள். வெள்ளை அரிசிக்குள் கறுத்த விரல்கள்.

பவளராணி தட்டை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தாள்.

"உந்தக் கையாலை போடாதேங்கோ, மச்சாள்."

"என்ன ராணி சொல்லுறாய்?"

"இந்தக் கையாலை குடுத்தது காணும், போதும். கீமோவுக்கு வாங்கோ வாங்கோ எண்டு எத்தினை நாள் காலிலை விழாத குறையாக் கேட்டன். அக்காவின்ரை மருந்து இருக்கேக்கை எனக்கு உது என்னத்துக்கெண்டு சொன்னவர். காலமையும் பின்னேரமும் ரெண்டு கரண்டி. என்னை ஊத்தவும் விடமாட்டார், மணந்து பாக்கவும் விடமாட்டார். தானே ஊத்தி, முகத்தைச் சுளிச்சுச் சுளிச்சுக் குடிப்பார். அந்த நம்பிக்கையைக் குடுத்து என்ரை மனிசனைச் சாகடிச்சுப்போட்டியள்."

தோளில் தொங்கிய கைப்பைக்குள் கையை விட்டு ஒரு போத்தலை எடுத்தாள். போன சனிக்கிழமை கொடுத்த போத்தல். பாதிக்கு மேல் இருந்தது.

"உங்கட சாமானை நீங்களே கொண்டு போங்கோ. இது கிடக்கிற வீட்டிலை நான் இருக்கமாட்டன்."

இராஜேஸ்வரி போத்தலை வாங்கினாள். கூடப்பிறந்தவனுக்கு ஒரு பிடி அரிசி போட இன்னொருத்தியிடம் அனுமதி கேட்க வேண்டுமா? பின் வரிசையில் "அதுதான் மருந்தாம்" என்று ஒரு குரல் கேட்டது. ஜெயரட்ணம் எட்டிப் பார்த்தார். நிலாணி தகப்பனின் காலடியில் நின்று போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம், இதுதான் மருந்து!" இராஜேஸ்வரி போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சனத்தைப் பார்த்துத் திரும்பினாள். "நான்தான் குடுத்தனான். நஞ்செண்டால் நானும் இந்த இடத்திலேயே விழுந்து சாகிறன். எல்லாரும் வடிவாப் பாருங்கோ."

மூடியைத் திருகித் திறந்து ஒரு மிடறு குடித்தாள்.

இனித்தது.

முதலில் நாக்குத்தான் பிழை விட்டுவிட்டது என்று நினைத்தாள். வாயிலேயே வைத்துப் பார்த்தாள். ஆறின தேத்தண்ணி. பாலில்லாத, தேயிலைச் சாயம் கூடின, மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி. வீட்டில் அவன் ஒருத்தன்தான் அவ்வளவு சீனி போட்டுக் குடிக்கிறவன். வொட்கா வாசம் துளியும் இல்லை. பவளராணி காலை வேலைக்கும் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, நிற்கக்கூட ஏலாதவன், பாத்திரம் கழுவுகிற சிங்கைப் பிடித்துக்கொண்டு அவளுடைய மருந்தை ஊற்றிவிட்டு, தேத்தண்ணி போட்டு ஆறவைத்து நிரப்பியிருக்கிறான். பிறகு பின்னேரம் பெண்சாதிக்கு முன்னால் அதை ஊற்றி முகத்தைச் சுளித்திருக்கிறான்.

அவன் மருந்தை நம்பிக் கீமோவை விடவில்லை. போதும் என்று தானே முடிவெடுத்துவிட்டு, அந்த முடிவுக்கு அக்காவின் பெயரை வைத்துவிட்டான். பெட்டிக்குள் கிடந்தவனைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. வாளி சுமந்தவள் அவள். புழு பார்த்தவள் அவள். இரண்டு மாதமாகக் கொலைகாரி மாதிரிக் கதவடியில் நின்றவள் அவள். ஒரு சொல் போதும். அவன் இதைக் குடிக்கவே இல்லை, நீயே குடித்துப் பார் என்று போத்தலை நீட்டினால் போதும். பழி அந்த இடத்திலேயே கழலும்.

பவளராணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கரண்டி என்று எண்ணிக்கொண்டு பக்கத்தில் இருந்தவள். அப்ப ஏன் விட்டவர், எங்களை விட்டுப் போக அவருக்கு அவ்வளவு அவசரமோ என்று இவள் கேட்டால் என்ன சொல்வது? இனிச் சாகும்வரை அதையே கேட்டுக்கொண்டிருப்பாள். மருந்து குடித்துச் செத்தான் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. மருந்து குடிக்காமல் செத்தான் என்பது அதைவிட மோசம்.

விழுங்கினாள்.

"கைக்குது," என்றாள். "சரியான கைப்பு."

பவளராணி அரிசித் தட்டைக் கொஞ்சம் இறக்கினாள்.

"அவருக்கும் அப்பிடித்தான் மச்சாள். குடிச்சிட்டுக் கொஞ்ச நேரம் என்னோடை கதைக்கவும் மாட்டார்."

"நச்சுச் சாமான் இல்லையெண்டு பாத்தியளோ?" என்று இராஜேஸ்வரி ஜெயரட்ணத்தைக் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நிலாணி பெட்டியைச் சுற்றிக்கொண்டு கிட்ட வந்தாள்.

"மாமி, நானும் ஒருக்கா ரேஸ்ற் பண்ணிப் பாக்கிறன். ப்ளீஸ். அப்பா குடிச்சதுதானே."

போத்தலின் கழுத்தில் பிள்ளையின் விரல் பட்டது. இராஜேஸ்வரி சட்டென்று பின்னுக்கு வாங்கினாள்.

"விசரே உனக்கு? இது முழுக்க வொட்கா."

"ஒரு ட்ரொப் மட்டும்."

"விடுங்கோ மச்சாள், நாக்கிலை தொட்டுப் பாக்கட்டும்," என்றாள் பவளராணி. "பிறகு தாங்கோ, நான் வைச்சிருக்கிறன்."

இராஜேஸ்வரி இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு அண்ணாந்து, மிச்சம் இருந்த முழுவதையும் வாய்க்குள் கவிழ்த்தாள். மடக்கு மடக்கென்று தொண்டை ஏறி இறங்கியது. கடைவாயால் வழிந்து சேலையில் பட்டது. கடைசிச் சொட்டும் போனபிறகுதான் போத்தலை இறக்கினாள்.

"ஐயோ, அவ்வளவும் வொட்கா!" என்று ஜெயரட்ணம் கத்தினார். "வெறுவயித்திலை குடிச்சிட்டா. பிடியுங்கோ அவவை, விழப்போறா!"

சனம் எழும்பியது. யாரோ கதிரை கொண்டுவர ஓடினார்கள். ஜெயரட்ணம் ஒரு தோளைப் பிடித்தார். இராஜேஸ்வரியின் கண்ணால் தண்ணீர் ஓடத் தொடங்கியது. அதையும் குடியின் வேலை என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

பவளராணி அரிசித் தட்டை மகளிடம் கொடுத்துவிட்டு வந்து, மச்சாளின் வலக்கையைப் பிடித்தாள். அந்தக் கையைத் தானே தட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

"மெல்லமாப் போடுங்கோ. நான் பிடிச்சிருக்கிறன், விழமாட்டியள்."

இராஜேஸ்வரி ஒரு பிடி அரிசி எடுத்துத் தம்பியின் மூடின வாயில் போட்டாள். பவளராணி இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு அவளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். அவளும் சாய்ந்துகொண்டாள். அவளுடைய கால்கள் இரண்டும் நல்ல உறுதியாகத் தரையில் நின்றன.