மூன்றாம் தரம் கேட்காதவர்

"அப்பா சொன்னதை நீ அப்பிடியே சொன்னியா?"

தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் பின்னேரம், குசினி வாசலில் நின்று றொனிஷன் கேட்ட கேள்வி அது. அஜந்தினி தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பாராமலே "ஓம்" என்றாள். அது பொய்யில்லை. சொல்லுக்குச் சொல் அப்படியே சொல்லியிருந்தாள். பிறகு வந்த மாதங்களில் அவளை அரித்துத் தின்றதும் அதுதான்.

கிரின்ஸ்டெட் என்ற டெனிஷ் சிற்றூரில் அவர்கள் நாலு பேர். தகப்பன் சூசைதாசன் தொழிற்சாலையில் பொதி கட்டும் இயந்திரத்தோடு நிற்பவர். தாய் அமலராணிக்கு வயோதிபர் இல்லத்தில் வேலை. றொனிஷனுக்குப் பத்தொன்பது வயது, கிம்னேசியம் என்கிற உயர்பள்ளியில் கடைசி வருடம். அஜந்தினிக்குப் பதினேழு. அதே கிம்னேசியத்தை முதல் வருடத்திலேயே விட்டுவிட்டாள். எழுத்தில் அவளை வெல்ல ஆளில்லை. ஆனால் வகுப்பில் வாய் திறந்து கதைக்கிற பிள்ளைக்குத்தான் அங்கே புள்ளி. வாய்மொழிப் பரீட்சை நாளன்று அறைக்கதவுக்கு வெளியே அரைமணி நேரம் நின்றாள். பெயரைக் கூப்பிட்டார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள்தான், திரும்பிப் போகவில்லை.

அதற்குப் பிறகு அவளோடு ஆறுதலாக இருந்து கதைக்கிற ஒரே ஆள் அண்ணன்தான். பாதி டெனிஷ், பாதி தமிழ், இடையில் நக்கல்.

அவன் விளையாடியது அமெரிக்கன் ஃபுட்போல். "கையாலை எறியிற விளையாட்டுக்கு ஃபுட்போல் எண்டு பேர் வைச்சவன் ஆரடா?" என்று மாமா ஒவ்வொரு பிறந்தநாள் விழாவிலும் கேட்பார். சில்க்போர்க்கில் ஒரு சின்னக் கழகம். அதில் றொனிஷன் குவாட்டர்பாக். அணிக்குக் கட்டளை சொல்லி, பந்தைக் கையில் வாங்கி, ஓடுகிறவனைப் பார்த்து எறிகிறவன். போட்டி நாட்களில் சூசைதாசன் காரில் கூட்டிப்போவார். அஜந்தினி கோட்டுக்கு வெளியே நின்று கைத்தொலைபேசியில் படம் பிடிப்பாள். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு எறியையும் கொப்பியில் எழுதுவாள். இடப்பக்கமா வலப்பக்கமா, காற்று எங்கிருந்து வந்தது, பிடிக்கவேண்டியவன் தவறவிட்டானா, அப்போது அண்ணனின் முகம் எப்படி இருந்தது. பதினொரு கொப்பிகள் அலுமாரியில் குளிர் உடுப்புகளுக்குக் கீழே கிடந்தன. அவனுக்கே அது தெரியாது.

அவள் வெட்டி ஒட்டிய காணொளிகளை அவன் இணையத்தில் போட்டான். அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளர் வீட்டுக்கு வருவதாக எழுதினார். அங்கே இப்போது விளையாட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவோடு, விளம்பரங்களில் தோன்றுவதற்கென்று கையில் காசும் கொடுக்கிறார்கள்.

"காசு ஆசையில்லை, அஜி," என்று றொனிஷன் விளங்கப்படுத்தினான். "ஆருக்குக் காசைக் கொட்டினாங்களோ அவனைத்தான் இறக்குவாங்கள். சும்மா வந்தவன் கோட்டுக்கு வெளியிலை வாங்கிலை குந்தியிருந்து மற்றவனுக்குத் தண்ணிப் போத்தல் நீட்டவேண்டியதுதான்." பிறகு அவள் தலையில் ஒரு குட்டு வைத்தான். "எனக்குக் கிடைச்சால் முதல் டிக்கெட் உனக்கு. வந்து கோட்டுக்கு வெளியிலை நிண்டு படம் எடு. உன்ரை வேலை அதுதானே."

பயிற்சியாளர் வருவதற்கு முதல்நாளே வீடு மாறிவிட்டது. அலுமாரிக்குள் இருந்த பூப்போட்ட பீங்கான்கள் வெளியே வந்தன. அமலராணி அறுபது இறைச்சி ரோல்ஸ் சுருட்டினாள். சூசைதாசன் இரண்டு தங்கைமாருக்கும் ஒரு மச்சாளுக்கும் கலியாணம் பேசி முடித்தவர். ஒரு வீட்டார் வந்து பிள்ளையைக் கேட்டால் எப்படிக் கதைக்கவேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

பயிற்சியாளர் பெரிய மனிதர். சோபாவில் இருந்தபோது அவருடைய முழங்கால் மேசையைவிட உயரமாக நின்றது. றொனிஷனோடு ஒரு மணித்தியாலம் கதைத்தார். கதை காசுப் பக்கம் திரும்பியதும் சூசைதாசன் எழும்பினார்.

"தம்பி, போய்ச் சோடா வேண்டிக்கொண்டு வா."

"பிரிட்ஜுக்குள்ளை கிடக்கே, அப்பா."

"அது ஆறிப்போச்சு. போ எண்டால் போ."

சோடா எப்படி ஆறும் என்று கேட்க வாயெடுத்தவன், அப்பாவின் கண்ணைப் பார்த்துவிட்டு ஜக்கெட்டை மாட்டினான். பேசப்படுகிற பிள்ளை பேசுகிற இடத்தில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். அப்பாவுக்கு ஆங்கிலம் ஓடாது. இரவும் பகலும் ஆங்கிலத்தில் வாசிக்கிறவள், பார்க்கிறவள் அஜந்தினி. "நீ வந்து இதிலை இரு," என்றார்.

பயிற்சியாளர் நேரே விஷயத்துக்கு வந்தார். "குவாட்டர்பாக்குக்கு என்று என்னிடம் ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறது. இரண்டு பையன்களில் ஒருவனுக்கு. மற்றவன் ஒஹாயோவில். அவனுடைய வீட்டார் தாங்கள் எதிர்பார்க்கும் தொகையைச் சொல்லிவிட்டார்கள். மாணவர் விசாவில் வருகிறவனுக்குக் கொடுப்பது கொஞ்சம் சிக்கல்தான், ஆனால் விளம்பரப் படங்களை இங்கேயே எடுத்தால் வழியுண்டு என்று எங்கள் வழக்கறிஞர் சொல்கிறார். நீங்கள் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?"

அஜந்தினி தமிழில் சொன்னாள். சூசைதாசன் சிரித்தார்.

"எங்களுக்குக் காசு பெரிசில்லை எண்டு சொல்லு. பிள்ளை படிச்சு நல்லாயிருந்தால் காணும்."

அவள் சொன்னாள். அந்த அறையில் தன் குரலைக் கேட்க அவளுக்கே வேறு யாரோ கதைப்பதுபோல இருந்தது. பயிற்சியாளர் நிமிர்ந்து பார்த்தார். "நிச்சயமாகவா?"

சூசைதாசனுக்கு உள்ளே குளிர்ந்தது. இரண்டாம் தரம் கேட்கிறார்கள். எல்லாம் முறைப்படி நடக்கிறது. "ஒரு சதமும் எதிர்பார்க்கேல்லை எண்டு சொல்லு," என்று சாய்ந்து இருந்தார். மூன்றாம் தரம் அவர்களே ஒரு தொகையைச் சொல்வார்கள். அப்போது தான் கூரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிக்கவேண்டும்.

அஜந்தினிக்கு அது தெரியும். அத்தையின் மகளுக்குக் கலியாணம் பேசியபோது கதவுக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்டவள். இந்த மனிதருக்குத் தெரியாது என்பதும் தெரியும். 'அப்பா மரியாதைக்குச் சொல்கிறார், நீங்கள் தொகையைச் சொல்லுங்கள்.' ஆங்கிலத்தில், ஒரு பிழையும் இல்லாமல், அந்த வசனம் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

அவள் அப்பா சொன்னதை மட்டும் சொன்னாள்.

பயிற்சியாளர் தன் கணினியை மெதுவாக மூடினார். இருபது வருடத்தில் இப்படி ஒரு தகப்பனைத் தான் கண்டதில்லை என்றார்.

"என்னவாம்?"

"உங்களைப் புகழுறார், அப்பா."

ஆறு ரோல்ஸைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு போத்தல் சோடாவோடு றொனிஷன் வளவுக்குள் வர, கார் வெளியே போனது. "முதல்நாளே கதைச்சு முடிக்கிறதே? போனிலை கோல் வரும், இருந்து பார்," என்று சூசைதாசன் கையைத் தேய்த்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் றொனிஷன் குசினிக்கு வந்து அந்தக் கேள்வியைக் கேட்டது.

அன்று பதினோராவது கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அஜந்தினி, 'பயத்தில் சொல்லவில்லை' என்று எழுதினாள். அதை வெட்டினாள். 'அவன் போகக்கூடாது என்று சொல்லவில்லை' என்று எழுதினாள். அதையும் வெட்டினாள். கீறலுக்குக் கீழே இரண்டும் வாசிக்கக்கூடியதாகவே இருந்தன.

கோல் வரவில்லை. மாசி மாதம் மின்னஞ்சல் வந்தது. படிப்பு இலவசம், தங்குமிடம் இலவசம், அணியில் ஓர் இடம். காசு ஒஹாயோக்காரனுக்கு.

"ஏமாத்திப்போட்டாங்கள்!" என்றார் சூசைதாசன்.

"நீங்கள்தானே வேண்டாம் எண்டனீங்கள்," என்றாள் அமலராணி.

"அது ஒரு முறைக்குச் சொல்றதப்பா! அதை ஆர் உண்மையெண்டு எடுப்பினம்?"

றொனிஷன் மின்னஞ்சலை மேலிருந்து கீழே இன்னொரு தரம் வாசித்தான். பிறகு சிரித்துவிட்டான். "விடுங்கோ. அந்தாளுக்கு எங்கடை முறை தெரியாது, அப்பாவுக்கு அவங்கடை முறை தெரியாது. தெரிஞ்ச ஒருத்தரும் அந்த அறையிலை இருக்கேல்லை."

அஜந்தினி எழும்பித் தன் அறைக்குப் போனாள்.

பங்குனியில் அவள் பயிற்சியாளருக்கு எழுதினாள். நடந்ததை ஒளிக்காமல் எழுதினாள். எழுத்தென்றால் அவளுக்கு வரும். இரண்டு நாளில் பதில் வந்தது. எழுதியதற்கு நன்றி என்றிருந்தது. அந்தத் தொகை போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது. 'அன்று நீ ஒரு வசனம் சொல்லியிருந்தால் நான் ஒரு தொகை சொல்லியிருப்பேன்.' அதை அச்சிட்டு அவள் கொப்பிகளுக்கு நடுவில் வைத்தாள்.

வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அண்ணன் முன்னையைவிட அன்பாக இருந்தான். ஆனியில் பரீட்சை முடிந்து, சித்தியடைந்தவர்களுக்கான வெள்ளைத் தொப்பி போட்ட பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு லொறி பாட்டும் கூத்துமாக வீட்டுக்கு முன்னால் நின்றது. எல்லாரும் பார்க்க இறங்கி வந்து, அவன் தன் தொப்பியை அவள் தலையில் வைத்தான். "உன்ரை தலைக்குத்தான் இது அளவு," என்றான். "வாங்கிலை இருந்தாலும் டிக்கெட் அனுப்புவன், அஜி. யோசியாதை."

அமெரிக்காவுக்குப் போவதற்கு முதல்நாள் மத்தியானம், அவன் குளிக்கப் போன நேரம், பதினொரு கொப்பிகளையும் அச்சிட்ட கடிதத்தையும் அவனுடைய கட்டிலில் வைத்துவிட்டு வந்தாள். அறைக்கதவு பூட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு பக்கங்கள் புரள்கிற சத்தம். சாப்பிடக் கூப்பிட்டபோது பசியில்லை என்றான், அம்மாவுக்கு.

பில்லுண்ட் விமான நிலையத்துக்குக் காரில் இருபது நிமிடம்கூட இல்லை. பெட்டியைத் தராசில் வைத்தபோது மூன்று கிலோ கூட. அவன் தரையில் வைத்துத் திறந்தான். மேலே அம்மா கட்டித் தந்த மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை, மாப் பைகள். அவற்றுக்குக் கீழே பதினொரு கொப்பிகள். றொனிஷன் மாவையும் தூளையும் எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தான். "அங்கை சாப்பாடு தருவாங்கள், அம்மா." கொப்பிகளைத் தொடவில்லை. பெட்டியை மூடி இழுத்துப் பூட்டினான்.

அம்மாவைக் கட்டிப்பிடித்தான். அப்பாவைக் கட்டிப்பிடித்தான். "பார்த்துப் போ, மோனே," என்றார் சூசைதாசன். அஜந்தினிக்கு முன்னால் வந்து நின்றான். அவள் நேற்றிலிருந்து ஒரு வசனத்தை வாய்க்குள் வைத்திருந்தாள். அவன் அவளுடைய சப்பாத்தைப் பார்த்தான். பிறகு தோள்பையைச் சரிசெய்துகொண்டு கண்ணாடிக் கதவை நோக்கி நடந்தான். கதவு தானாகத் திறந்தது, அவனுக்குப் பின்னால் தானாக மூடியது.