அர்ச்சனை செய்த டெக்

ஸ்ரீதர் பாவாவுக்கு ஆடத் தெரியும், டெக் கட்டத் தெரியாது. நாலு வருடமாக இதைச் சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். இனி யாருக்காகப் பொத்த வேண்டும்?

பாவா என் அக்கா மோனிஷாவின் வீட்டுக்காரர். திருத்தணி ஸ்டேஷன் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறார். கோட்டைக்களம் என்று போனில் ஆடுகிற சீட்டு விளையாட்டு ஒன்று இருக்கிறது. காசு வைத்து ஆடுகிற ரம்மி இல்லை. ஆயிரத்துச் சொச்சம் சீட்டுகளிலிருந்து முப்பதைப் பொறுக்கி நாமே ஒரு கட்டு சேர்க்க வேண்டும், அதுதான் டெக். அதை வைத்து எதிராளியின் கோட்டையை இடிக்க வேண்டும். பாவா இதை ஆடி யூடியூபில் போடுகிறார். தணிகை ஸ்ரீதர் என்றால் நாற்பதாயிரம் பேருக்குத் தெரியும். வீடியோ தொடங்கியதுமே, "வணக்கம் மக்களே, இன்னிக்கு நான் கட்டுன புது டெக்க பாக்கப் போறோம்" என்பார்.

கட்டியது நான். பகலெல்லாம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஊராருக்கு வருமானச் சான்றிதழ் விண்ணப்பம் அடித்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் ஒவ்வொரு சீட்டாகப் போட்டு எடுத்து, தோற்று, மறுபடி போட்டுக் கட்டியது நான். நோகாமல் நொங்கு தின்றது அவர்.

ஆட்டத்து அக்கவுண்ட் அவர் பெயரில் இருந்தது. கொரோனா சமயத்தில் எங்கள் குடும்பத்தில் நல்ல போன் அவரிடம்தான் இருந்தது. பிறகு நான் தனியாக ஒன்று தொடங்குகிறேன் என்றபோது நைனா, "பொம்பளப் புள்ள பேர நெட்டுல போட்டுகினு திரியணுமா?" என்று முடித்துவிட்டார். அக்கா, "எல்லாம் ஒரே வீடு தானேடி, யார் பேர்ல இருந்தா இன்னா?" என்றாள். பெயர் போட்டுக்கொண்டவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

எனக்கு அந்தப் பெயர் தேவைப்பட்டது. கோட்டைக்களம் நடத்துகிற கம்பெனிக்காரர்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று பேரை வேலைக்கு எடுக்கிறார்கள். புதுச் சீட்டுகளை வெளியே விடுவதற்கு முன் ஆடிப் பார்த்து, எது ஓவர், எது வேஸ்ட் என்று சொல்கிற வேலை. விண்ணப்பமெல்லாம் கிடையாது. டெக் கட்டுகிறவள் என்று நாலு பேருக்குப் பெயர் தெரிந்திருந்தால் அவர்களே கூப்பிடுவார்கள். என்னை யாருக்குத் தெரியும்? வீடியோவில் பின்னால் காபி டம்ளர் வைத்துவிட்டுப் போகிற கை ஒன்று வரும், அந்த அளவுக்குத்தான் தெரியும்.

பாவா சென்னை இறுதிப் போட்டிக்கு எட்டுப் பேரில் ஒருவராகத் தேர்வானார். அன்றைக்கு நானே வாய்விட்டுக் கேட்டேன். அவரும் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்த சந்தோஷத்தில், "சென்னைல மைக் குடுப்பாங்க அனு. நூறு கேமரா முன்னாடி உன் பேர சொல்றேன். சத்தியமா" என்றார். மைசூர்பாகை வாயில் வைத்துக்கொண்டு நம்பினேன். முட்டாள் முண்டம்.

அந்தப் போட்டிக்குக் கட்டிய டெக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதில் கல்யானை என்று ஒரு சீட்டு. ஆட்டத்தில் முதல் டர்னுக்கு ஒரு எனர்ஜி, இரண்டாவதுக்கு இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். கல்யானையை இறக்க ஆறு எனர்ஜி வேண்டும், அதாவது ஆறாவது டர்ன். அது இறங்கினால் அதுவரை செத்துப்போன நம் சில்லறை வீரர்கள் அத்தனை பேரும் எழுந்து வந்துவிடுவார்கள். அப்புறம் எதிராளி வீட்டுக்குப் போகலாம்.

பலமான சீட்டு கையில் கிடைத்தால் எல்லோரும் அது வரப்போகிற ஆட்டத்தை நினைத்துக்கொண்டே டெக் கட்டுகிறார்கள். பாவாவும் அப்படித்தான். யானை, யானைக்கு அலங்காரம், யானைக்குக் குடை. ஒரு டெக்கில் இரண்டு யானைதான் வைக்க முடியும். கணக்குப் போட்டால் பத்து ஆட்டத்தில் நாலில் ஆறாவது டர்ன் வரைக்கும் யானை கைக்கே வராது. அந்த நாலு ஆட்டத்துக்குத்தான் டெக் கட்ட வேண்டும். யானை வராவிட்டாலும் அடித்துக்கொண்டு முன்னேறுகிற மாதிரி மலிவான வீரர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தேன். அவர்கள் செத்தால் யானைக்கு லாபம், சாகாவிட்டால் எனக்கு லாபம். மூன்று மாதம் ஆனது. அதை மாதிரி இன்னொன்று நான் கட்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. டெக் லிஸ்டைப் பதிவு செய்ய வியாழன் மாலை ஐந்து மணி கடைசி. பாவா காலையிலேயே நல்ல நேரம் பார்த்துப் பதிவு செய்துவிட்டார். ஐந்து மணிவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது விதி. அன்றைக்குக் கிருத்திகை வேறு. லிஸ்டை ஒரு பிரிண்ட் கேட்டார். ஹால் டிக்கெட்டையும் கல்யாணப் பத்திரிகையையும் மலைக்கு எடுத்துப்போய்ச் சாமி பாதத்தில் வைத்து எடுப்பது எங்கள் ஊர் வழக்கம். அதே மாதிரி டெக் லிஸ்டையும் வைக்கப்போகிறாராம். நான்தான் எங்கள் சென்டரில் அடித்து, நாலு ஓரமும் மஞ்சள் தடவிக் கொடுத்தேன்.

மதியம் இரண்டு மணிக்கு கம்பெனியிலிருந்து அப்டேட் வந்தது. கல்யானை இனி ஆறு எனர்ஜி இல்லை, ஏழு.

ஏழு என்றால் ஒரு டர்ன் தாமதம். அந்த டெக்கில் ஆறாவது டர்ன் முடியும்போது நம் கோட்டை ஒரு அடி தாங்குகிற நிலையில்தான் நிற்கும், அப்படித்தான் கட்டியிருந்தேன். ஏழாவது டர்ன் என்று ஒன்று இருக்கவே இருக்காது. ஆத்திரப்பட்டு என்ன செய்ய? அடித்துக்கொண்டிருந்த விண்ணப்பத்தை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தேன். நாலு சீட்டை எடுத்துவிட்டு, கோட்டைக்கு விழுகிற அடியைத் தடுக்கிற வேலிச் சீட்டு நாலு வைத்தால் போதும், ஒரு டர்ன் தாங்கும். காகிதத்தில் டர்ன் டர்னாக ஆடிப் பார்த்தேன், தாங்கியது. மணி இரண்டே முக்கால்.

பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். ஆனால் ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும். கூப்பிட்டால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. அக்காவும் எடுக்கவில்லை. இருவர் போனும் மலைமேல் டோக்கன் கவுண்டரில் கிடக்கும் என்று அப்புறம்தான் உறைத்தது. கோயிலுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்களே.

கிருத்திகைக் கூட்டத்தில் ஆட்டோ எதுவும் மலைக்குப் போகவில்லை. காவடிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து படியேறினேன். அவனவன் அரோகரா என்று பக்தியில் உருகுகிறான். நான் ஏழு, ஏழு என்று முணுமுணுத்துக்கொண்டு ஏறினேன். மேலே போய் போன் கவுண்டர் எதிரிலேயே நின்றேன். எப்படியும் அங்கேதானே வந்தாக வேண்டும்?

நாலு இருபதுக்கு வந்தார்கள். பாவா நெற்றி நிறைய விபூதி, அக்கா கையில் அர்ச்சனைத் தட்டு. போனை வாங்கியதும் பாவா முதல் வேலையாகக் குங்குமம் வைத்த லிஸ்டை மடித்துப் பிடித்துக்கொண்டு ஒரு ரீல்ஸ் எடுத்தார். "மக்களே, தணிகை முருகன் பாதத்துல வெச்சு எடுத்த டெக். நான் ராத்திரி பகலா உக்காந்து கட்டுனது." அது முடிகிற வரைக்கும் என்னைக் கையமர்த்தினார். முடிந்ததும் அங்கேயே பதிவேற்றினார்.

"பாவா, யானை ஏழாயிடுச்சு."

"இன்னா ஏழு?"

"கல்யானைங்க. ஆறு எனர்ஜி இருந்தத ஏழாக்கிட்டாங்க. நான் லிஸ்ட்ட மாத்தி வெச்சிருக்கேன். அஞ்சு மணி வரைக்கும் டைம் கீது. ஓடிபி மட்டும் சொல்லுங்க, போதும்."

"ஒண்ணு தானே கூட?" என்று சிரித்தார்.

"ஒரு டர்ன் பாவா. அந்த ஒரு டர்ன்ல கோட்டையே போயிடும்."

"தோ பாரு அனு. இந்த லிஸ்ட்ட சாமி பாதத்துல வெச்சு, என் பேரு, நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை பண்ணிகினு வர்றேன். அத்தப் போயி மாத்தச் சொல்றியே, உனுக்கே நல்லா கீதா?"

அர்ச்சனையிலும் அவர் பெயர்தான்.

"இந்தச் சீட்டத்தான் வெக்கணும்னு சாமி வந்து கேட்டுச்சா?" என்றேன்.

அக்கா தோளில் ஒரு அடி வைத்தாள். "வாய மூடுடி. மலை மேல நின்னுகினு பேசற பேச்சா இது? நல்ல காரியத்துக்குப் போறவரண்ட அபசகுனமா."

நான் என் போனில் பாஸ்வேர்டை அடித்தேன். அவர் சட்டைப் பையில் டிங் என்றது. ஓடிபி வந்துவிட்டது. ஆறு எண். அவர் பார்க்கவில்லை. பையிலிருந்த விபூதிப் பொட்டலத்தைச் சரிசெய்துகொண்டார். காலாவதியானதும் மறுபடி அடித்தேன். மறுபடி டிங். மூன்றாவது தடவை கையெடுத்துக் கும்பிட்டேன். பொய் இல்லை, கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் அக்கா புருஷனைக் கும்பிட்டேன். "கட்டுனவளுக்கே நம்பிக்கை இல்லன்னா எப்படி?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கத் தொடங்கினார்.

"உனுக்கு அறிவு கீதா? நீ என்னா தெரிஞ்சுகினு ஆடுற?" என்று கத்திவிட்டேன்.

காவடி எடுத்து வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பாவாவை நான் அதுவரை நீ என்று சொன்னதில்லை. அன்றைக்கு வீட்டில் ராத்திரி வரைக்கும் அது ஒன்றுதான் பேச்சு. அக்கா புருஷனை மலைமேல் வைத்து நீ என்றாளாம், படிக்க வைத்தது தப்பாம். யானையைப் பற்றி ஒரு ஆளும் கேட்கவில்லை. ஐந்து மணி எப்போதோ தாண்டிவிட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சென்டருக்கு விடுமுறை. சாவி என்னிடம் இருந்ததால் போய்த் தனியாக உட்கார்ந்து நேரலை பார்த்தேன். மூன்று ஆட்டம், இரண்டில் ஜெயித்தவர் அடுத்த சுற்றுக்குப் போவார். முதல் ஆட்டத்தில் பாவாவுக்கு யானை கையில் வந்தது. ஆறாவது டர்னில் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு எனர்ஜி குறைவு, இறங்கவில்லை. கோட்டை போனது. இரண்டாவது ஆட்டத்தில் யானை வரவே இல்லை. நான் தேடித் தேடி வைத்த மலிவான வீரர்கள் அடித்துக்கொண்டே போய் ஜெயித்தார்கள். அரங்கமே கைதட்டியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பாவா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

மூன்றாவது ஆட்டத்தில் யானை மறுபடி வந்தது. இரண்டு யானையும் வந்தன. ஆறாவது டர்னில் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு தோற்றார்.

தொகுப்பாளர் ஒருவர் மைக்கோடு வந்தார். "என்ன பிரதர், மத்த யானை டெக் எல்லாம் வியாழக்கிழமையே மாத்திட்டாங்க. நீங்க ஏன் மாத்தல?" என்று கேட்டார்.

பாவா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அந்த நொடி வரைக்கும் எனக்கு ஆசை விடவில்லை என்றால் நம்புவீர்களா? தப்பு என்னுடையது, பேச்சைக் கேட்டிருக்கணும், அனுராதா மாத்தி வெச்சிருந்தா என்று சொல்லிவிடுவார் என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

"உண்மையச் சொல்லணும்னா, டெக் நான் கட்டுனது இல்லீங்க," என்றார். "என் மச்சினிச்சி கட்டுனது. ஆர். அனுராதா, திருத்தணி. எப்பவும் அவதான் கட்டுவா. சின்னப் பொண்ணு, அப்டேட்ட கவனிக்காம வுட்டுட்டா போல. பரவால்லங்க, கத்துக்குவா."

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். முன்வரிசையில் கம்பெனிக்காரர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் தலை குனிந்து எதையோ எழுதிக்கொண்டதைக் கேமரா காட்டியது. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த கமெண்டுகளில் என் பெயர் வர ஆரம்பித்தது. யாருப்பா அந்த அனுராதா? ஆறுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியாதவளா? அண்ணன் வாழ்க்கையில் வெளையாடிட்டியேம்மா. ஒரே நிமிடத்தில் இருநூறு, முந்நூறு அனுராதா. எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடிக்கிறார்கள்.

போன் அடித்தது. அக்கா. அரங்கத்தில் இருந்துதான் பேசினாள், பின்னால் ஒரே சத்தம்.

"பாத்தியாடி? மைக்ல உன் பேர சொல்லிட்டாரு. இனிஷியலோட. அன்னிக்கு நீ அவ்ளோ பேசியும் மனசுல வெச்சுக்காம சொன்னாரு பாரு. இத்தத்தானே நாலு வருஷமா கேட்டுகினு இருந்த? இப்ப சந்தோஷம் தானே?"

கேலியாக இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள்.

"ஆங் யக்கா," என்றேன். "எல்லாருக்கும் கேட்டுச்சு."