ஈரத்தில் சீவாத கதவு

எங்கள் வீட்டுக்குக் காற்று வந்தாலும் வாசலோடு நின்று, உள்ளே வியர்த்துக் கிடப்பவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, தீப்பெட்டி அளவில் ஒரு குளியலறை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கூரை, ராத்திரி முழுக்க அதை எங்கள் மேல் கக்கும். மழை வந்தால் குளிரும் என்று நம்பினோம். மழை வந்தது, புழுக்கத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. ஜாடியில் உப்பு கசிந்தது. கொடியில் போட்ட பனியன் காயாமலே நாறியது. குளித்துத் துவட்டுவதற்குள் மறுபடி குளிக்கத் தோன்றும்.

நான் தச்சன். ஊரார் வீட்டில் நான் மாட்டிய கதவுகள் விரல் பட்டால் மூடும். என் வீட்டுக் குளியலறைக் கதவோ ஈரத்தில் உப்பி, நிலையோடு மல்லுக்கு நின்றது.

"ரெண்டு இழை சீவி விடுங்களேன்" என்பாள் மனைவி.

"ஈரத்துல ஊதின மரத்தை இப்பச் சீவினா, காஞ்சதும் சந்து விழும்மா. மழைக்காலம் போகட்டும்."

இது தொழில் உண்மை. சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் உண்மை வேறு எந்தத் தொழிலிலும் இருக்காது.

அத்தை போன பிறகு மாமனார் எங்களோடுதான் இருக்கிறார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நெரிசலில் நின்றே வேலை பார்த்த மனுஷனை எங்கள் கூரை தோற்கடித்துவிட்டது. முதுகெல்லாம் வேர்க்குரு. "பெரியவன் வீட்ல ஏசி இருக்கு, அங்க போறேன்" என்று கிளம்ப நாள் குறித்துவிட்டார். அப்பா போகக் கூடாது என்பது என் மனைவியின் ஆசை. ஆனால் 'இருங்க' என்று வாய் திறக்கமாட்டாள். அவள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் அவரும் இருக்கமாட்டார். பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு. அவருடைய சட்டைகளை இஸ்திரி போட்டு, மடித்து, பிரித்து, மறுபடி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் புழுக்கத்தில் இஸ்திரிப்பெட்டி வேறு.

கிளம்பும் நாள் காலை, கடைசியாக ஒரு குளியல் என்று உள்ளே போனார். கீழே வாடகைக் கார் வந்து ஹாரன் அடித்தது. அவர் வரவில்லை.

"அப்பா, கார் வந்தாச்சு."

"தெரியுது. கதவுதான் வரமாட்டேங்குது."

ஓடிப் போய்ப் பார்த்தேன். உப்பிய கதவு தாழ்ப்பாளையும் சேர்த்துக் கவ்விக்கொண்டிருந்தது.

"இடிச்சுத் திறங்க!" என்றாள் மனைவி.

"இடிச்சா கதவு உங்கப்பா மேலதான் விழும். ஒதுங்கி நிக்க உள்ளே ஏது இடம்?"

"மாப்ளே," உள்ளிருந்து குரல், "இதுக்குத்தான் மழை போகட்டும்னு காத்திருந்தியா?"

"இல்ல மாமா, மரம் வந்து..."

"மரத்தை விடு. இங்க இட்லிச் சட்டி மாதிரி ஆவி அடிக்குது. மூச்சு முட்டுது."

கடைசி வார்த்தையில் குரல் இறங்கியது. மனைவி என்னைப் பார்த்த பார்வையில் என் தொழிலறிவு மொத்தமும் உருகி ஓடியது. உட்கார்ந்தால் தலை சுற்றாது, தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டே இருங்கள் என்று மாமாவிடம் சொன்னேன். மேசை விசிறியைத் தூக்கி வந்து, கதவின் அடிச்சந்தைப் பார்த்துத் தரையில் வைத்தாள் அவள்.

கீல்கள் உள்பக்கம் இருந்தன. கீலின் ஊசிகளைக் கழற்றினால் கதவு விடுபடும். கழற்ற வேண்டியவர் அவர்தான். சுத்தியல் நுழையாத அடிச்சந்து வழியாக ஒரு பெரிய ஆணியையும் ஸ்பேனரையும் தள்ளினேன்.

"கீலுக்கு அடியில ஆணியை வச்சு மேல் பக்கமா தட்டுங்க மாமா. கீழ்க் கீல்லேர்ந்து ஆரம்பிங்க."

"சில்லறை எண்ணின கைடா இது. சுத்தியல் பிடிச்சதில்ல."

"ஸ்பேனர்தான்."

"அதுவும் பிடிச்சதில்ல."

தட்டினார். விரலில் தட்டிக்கொண்டார். என் பரம்பரையையே விசாரித்தார். திடீரென்று தட்டல் நின்றது. மனைவி கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்பா."

உள்ளங்கையால் கதவைத் தட்டினாள்.

"அப்பா! நீங்க எங்கயும் போக வேண்டாம். இங்கயே இருங்க."

"எங்கம்மா போறது? உள்ளேதானே இருக்கேன்."

தட்டல் மறுபடி ஆரம்பித்தது. கடைசி ஊசி தரையில் விழுந்த சத்தம் கேட்டதும், கீல் பக்கம் உளியை நுழைத்து மெல்ல நெம்பினேன். கதவு ஒரு சாண் உள்ளே சாய்ந்தது. அந்த இடுக்கில், நெரிசல் பஸ்ஸில் புகுந்து பழகிய உடம்பு, பக்கவாட்டில் வழுக்கி வெளியே வந்தது. இடுப்பில் துண்டு, கையில் ஸ்பேனர்.

விசிறிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவள் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கொடுத்துவிட்டுத் தலையைத் துவட்டினாள். கீழே ஹாரன் விடாமல் அலறியது.

அவர் கழன்று நின்ற கதவைப் பார்த்தார்.

"இதை எப்ப மாட்டுவே மாப்ளே?"

"சீவித்தான் மாட்டணும் மாமா."

"அப்ப சீவு."

மனைவி என்னைப் பார்த்தாள். இத்தனை நாள் அவள் வெறுத்த ஒரு வாக்கியத்துக்காக அவள் அப்படிக் காத்து நின்றதை நான் பார்த்ததேயில்லை.

"ஈரத்துல சீவக் கூடாது மாமா. மழைக்காலம் போகட்டும்."

"அதுவரைக்கும்?"

"திரைதான்."

"திரையா? நீ காலையில உளியைத் தூக்கிட்டுப் போயிடுவே. என் பொண்ணு குளிக்கறப்ப வாசல்ல யாரு உட்கார்றது?"

"ஆள் இல்லதான் மாமா."

முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். துண்டோடு ஜன்னலுக்குப் போய், கம்பியில் ஸ்பேனரால் தட்டி, பழைய வேலைக் குரலில் கத்தினார்:

"போலாம் ரைட்!"

கார் போய்விட்டது. வீடு துளிகூடக் குளிரவில்லை. அவள் குளியலறை வாசலில் பழைய போர்வை ஒன்றைக் கட்டினாள். அது அசையவே இல்லை. மாமனார் தன் பையைப் பிரித்து, இஸ்திரிச் சட்டைகளுக்கு அடியிலிருந்து கைவிசிறியை உருவி எடுத்தார்.

"என்ன புழுக்கம்டா இது" என்று முதலில் மகளுக்கு வீசினார்.